பிடிலுக்கு உயிர் வந்தது

இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல் (இயற்பியல்) மாணவி

இசைக் கருவி என்றாலே அது வசதி உள்ளவர் வீட்டுப் பொருள் என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். சென்ற ஆண்டு வரை நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் துணி விரித்துப் படுக்க வைத்திருக்கும் வயலினை வெளியே நின்று பார்ப்பதோடு சரி. விலைச் சீட்டு கண்ணில் பட்டதும் கால்கள் தாமாகவே நடக்கத் தொடங்கிவிடும். இன்று எங்கள் வீட்டு அலமாரியின் மேல்தட்டில் ஒரு வயலின் இருக்கிறது. அதை வாங்கியதும், பழுது பார்த்ததும், தந்தி ஏற்றிச் சுருதி சேர்த்ததும் நானும் என் தந்தையாருமே. எப்படி என்று வகுப்புத் தோழிகள் பலர் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்வதைவிட ஆண்டு மலரில் எழுதிவிடலாம் என்று தோன்றியது. செய்த பிழைகளையும் மறைக்காமல் எழுதுகிறேன். அவற்றுள் ஒன்றுக்கு மட்டும் 150 ரூபாய் தண்டம்!

முதலில் ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். விலை குறைந்த வயலின் பெரும்பாலும் கெட்ட வயலின் அன்று, முடிக்கப்படாத வயலின். மரத்தை அறுத்து, ஒட்டி, மெருகு பூசும் வேலை தொழிற்சாலையில் ஒழுங்காகவே நடந்துவிடுகிறது. ஆனால் கடைசியாகச் செய்யவேண்டிய சில மணி நேர நுணுக்க வேலைக்குத் தேர்ந்த கை வேண்டும். அந்தக் கைக்குக் கூலி அதிகம். விலையைக் குறைக்க நினைப்பவர்கள் அங்கேதான் கை வைக்கிறார்கள். தந்திகள் எட்டாத உயரத்தில் நிற்கும். பிரடைகள் வழுக்கும். வில்லைப் போட்டால் கருவி அலறும். வாங்கியவரோ, தமக்குச் சங்கீதம் வராது என்று முடிவு கட்டி அதைப் பரணில் போட்டுவிடுவார். குறை அவரிடம் இல்லை, கருவியிடமும் இல்லை. விட்டுப்போன அந்தச் சில மணி நேர வேலையில்தான் இருக்கிறது.

என் தந்தையார் தச்சுத் தொழிலாளி. இளமையில் பிரெஞ்சுக்காரர் காலத்து நாற்காலி மேசைகளைப் பழுது பார்க்கும் பட்டறை ஒன்றில் தொழில் கற்றவர். இப்போது அவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் பிளைவுட் அலமாரிகளுக்கு மைக்கா ஒட்டும் வேலையே. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். எங்கள் தெருவில் ஓர் அம்மையார் பிள்ளைகளுக்கு வயலின் கற்றுத் தருகிறார். மாலையில் நான் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கும் வீடு அவர் வீட்டுக்கு எதிர்வீடு. பெருக்கல் வாய்ப்பாட்டுக்கு நடுவே அந்த நாதம் வந்து காதில் விழுந்துகொண்டே இருந்தது. கேட்டால் இலவசமாகவே கற்றுத் தருவதாகச் சொன்னார். "கருவி மட்டும் நீயே கொண்டு வரணும்மா" என்றார். பத்து மாத டியூஷன் பணம் 5,000 ரூபாய் கையில் இருந்தது. "இதெல்லாம் நமக்கு எதுக்கு?" என்று அம்மா கேட்டார். அதற்கு என்னிடம் விடை இல்லை. இன்றும் இல்லை.

வயலின் நமக்கு வந்து சேர்ந்த கதையும் ஏறத்தாழ இப்படித்தான். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் (பிறப்பு 1786) சென்னையை அடுத்த மணலியில் இருந்த காலத்தில் ஐரோப்பியர் வாசித்த இந்தக் கருவியைக் கேட்டு, கற்று, நம் இசைக்குப் பழக்கினார் என்பது வரலாறு. தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலு இதில் வல்லவராக விளங்க, திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1834ஆம் ஆண்டில் அவருக்குத் தந்தத்தால் ஆன வயலின் ஒன்றைப் பரிசளித்தார். நின்றுகொண்டு தாடையில் இடுக்கி வாசித்த கருவியை, சம்மணமிட்டு அமர்ந்து, அதன் தலையை வலது பாதத்தின்மேல் ஊன்றி வாசிக்க வைத்தவர்கள் நம்மவர்கள். இருநூறு ஆண்டுகளுக்குள் அது அயலூர்க் கருவி என்பதே நமக்கு மறந்துபோயிற்று.

சந்தையில்

நம் ஊர்க் காந்தி வீதியில் ஞாயிறுதோறும் கூடும் சந்தையை அறியாதவர் யார்? சட்டை, செருப்பு, பாத்திரம் என்று நீளும் வரிசையில் ஆங்காங்கே பழைய சாமான் விற்பவர்களும் உட்கார்ந்திருப்பார்கள். சென்ற ஆண்டு ஜூலையில் ஒரு ஞாயிறன்று, நின்றுபோன கடிகாரங்களுக்கும் பித்தளைக் கைப்பிடிகளுக்கும் நடுவே ஒரு வயலின் பெட்டி திறந்து கிடந்ததைக் கண்டேன். இரண்டு தந்திகள் இல்லை. வில்லில் ஒரு மயிர்கூட இல்லை. குதிரை இல்லை. (வீணைக்குச் சொல்வதைப் போலவே, தந்திகளைத் தாங்கி நிற்கும் மரத்துண்டை வயலினிலும் குதிரை என்றே சொல்கிறோம்.) கையில் எடுத்து அசைத்தால் உள்ளே ஏதோ கடகடவென்று உருண்டது.

"உள்ள என்னமோ உடைஞ்சி கிடக்குதும்மா, அதனாலதான் 3,500 சொல்றேன்" என்றார் கடைக்காரர். நான் வீட்டுக்கு ஓடிப்போய் அப்பாவை அழைத்து வந்தேன்.

அப்பா வயலினை முன்பின் தொட்டதில்லை. ஆனால் அவர் அதைச் சோதித்த முறை எந்த வயலின் வல்லுநருக்கும் ஏற்றதே என்று பின்னர்த் தெரிந்துகொண்டேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பலகையின் கோணல் பார்ப்பதைப்போல, தலைப்பக்கமிருந்து கழுத்தை நீளவாக்கில் பார்த்தார். கழுத்து முறுக்கிக்கொண்டிருந்தால் அந்தக் கருவியை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட வேண்டும். அதைச் சரிசெய்ய ஆகும் செலவில் புதிதே வாங்கலாம். அடுத்து, விரல் மடக்கி ஓரம் முழுவதும் தட்டிக்கொண்டே வந்தார். ஒட்டு நன்றாக இருக்கும் இடத்தில் ஒலி கெட்டியாகக் கேட்கும். ஒட்டு விட்ட இடத்தில் பொத்தென்று சிதறும். இடப்புறக் கீழ்ப்பகுதியில் ஒரு சாண் நீளத்துக்கு மேல்பலகை பக்கப்பலகையை விட்டுப் பிரிந்திருந்தது. உளுத்த துளைகள் உண்டா என்று பார்த்தார். வெயிலுக்குக் காட்டி வெடிப்புகள் தேடினார். பலகையின் ஓரத்தில் இருக்கும் வெடிப்பை ஒட்டிக்கொள்ளலாம். குதிரை நிற்கும் இடத்துக்கு நேர் கீழே, வலப்புறம் வெடித்திருந்தால் வாங்கக் கூடாது. ஏன் என்பது பின்னால் விளங்கும். நான் என் பங்குக்கு அளவுகோலை எடுத்து உடலின் நீளத்தை அளந்தேன். 35½ சென்டிமீட்டர். முழு அளவு வயலின் அதுதான். சிறுவர்களுக்கானது இதைவிடக் குறையும். அவசரத்தில் முக்கால் அளவை வாங்கி வந்து வருந்துவோர் உண்டு.

"மரம் நல்ல மரம்" என்று மட்டும் அப்பா மெதுவாகச் சொன்னார். உருளும் ஓசையைக் காட்டிக் காட்டிப் பேரம் பேசி 2,800 ரூபாய்க்கு முடித்தோம்.

வீட்டுக்கு வந்து எஃப் வடிவத் துளை வழியே கைபேசி விளக்கைப் பாய்ச்சிப் பார்த்தால், உள்ளே ஒட்டியிருந்த பழுப்பு நிறச் சீட்டில் ஸ்ட்ராடிவாரியஸ் என்ற பெயர்! இத்தாலியின் க்ரெமோனா நகரத்தில் வாழ்ந்து 1737இல் மறைந்த மாபெரும் கலைஞர். அவர் செய்தவை உலகில் ஏறத்தாழ 650 மட்டுமே எஞ்சியிருக்கின்றன. ஒவ்வொன்றும் பல கோடி ரூபாய். அன்று மாலை ஒரு மணி நேரம் நாங்கள் கோடீசுவரர்களாக இருந்தோம் என்றால் மிகையாகாது. அம்மா கதவைத் தாழிட்டுவிட்டார். பிறகு வயலின் ஆசிரியையிடம் கேட்டபோது அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பிரான்சின் மிரகூர், ஜெர்மனியின் மார்க்நாய்கிர்ஷன் போன்ற ஊர்களில் வயலின்களை மூட்டை மூட்டையாகச் செய்து, அவற்றுக்குள் இந்தப் பெயரை அச்சடித்து ஒட்டி உலகமெங்கும் அனுப்பினார்களாம். மாதிரி யாருடையது என்பதை அந்தச் சீட்டுக் காட்டுமே ஒழிய, செய்தவர் யார் என்பதைக் காட்டாது. ஆகவே நண்பர்களே, சீட்டைப் பார்த்து விலை கொடுக்காதீர்கள்.

வஜ்ஜிரம்

பிரிந்த ஓரத்தை ஒட்ட நான் ஃபெவிகால் டப்பாவை எடுத்து வைத்திருந்தேன். ஆசிரியை தடுத்துவிட்டார். வயலினை ஒட்டுவது விலங்குத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் பசையால்தான். அது வெந்நீரில் இளகும். எனவே வேண்டும்போது கருவியைத் திறந்து பழுது பார்த்து மறுபடி மூடலாம். இன்னொரு காரணம் இன்னும் நுட்பமானது. ஈரக் காற்றில் பலகை விரிந்தும் வறண்ட காற்றில் சுருங்கியும் இழுக்கும்போது எங்காவது ஓரிடம் விட்டுக் கொடுத்தே ஆகவேண்டும். தோல் பசையாக இருந்தால் ஒட்டு விடும், மறுபடி ஒட்டிக்கொள்ளலாம். விடாப்பிடியான பசையாக இருந்தால் ஒட்டு நிற்கும், பலகை வெடிக்கும்! நம்மைப்போல் கடற்கரையில் குடியிருப்பவர்கள் இதைக் கட்டாயம் நினைவில் கொள்ள வேண்டும்.

இதை நான் அப்பாவிடம் விளக்கிக்கொண்டிருந்தபோது அவர் முகம் மாறியது. "அட, வஜ்ஜிரம்!" என்றார். அவர் தொழில் பழகிய பட்டறையில் காலையில் போனதும் முதல் வேலை வஜ்ஜிரச் சட்டிக்கு அடுப்பு மூட்டுவதாம். அந்த நாற்றத்துக்கு முதல் வாரம் அவருக்குச் சோறே இறங்கவில்லையாம். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக அவர் அதைத் தொடவில்லை. மறுநாள் ஒரு பழைய ஹார்டுவேர் கடையிலிருந்து 80 ரூபாய்க்கு வஜ்ஜிர வில்லைகள் வாங்கி வந்தார்.

வில்லைகளை இரவு முழுவதும் குளிர்ந்த நீரில் ஊறவைக்க வேண்டும். காலையில் அவை பனங்கற்கண்டு நிறத்தில் கொழகொழவென்று ஊறியிருக்கும். அதைச் சிறிய பாத்திரத்தில் இட்டு, அந்தப் பாத்திரத்தை வெந்நீர் உள்ள பெரிய பாத்திரத்துக்குள் வைத்துச் சூடாக்க வேண்டும். நேரே அடுப்பில் வைத்தால் கருகிவிடும். கொதிக்கவிட்டால் ஒட்டும் வலிமை போய்விடும். நான் வெப்பமானி வைத்து 60 டிகிரி செல்சியஸில் நிறுத்தினேன். அப்பா ஒரு சொட்டை விரலில் தொட்டு, இரு விரல்களையும் ஒட்டி ஒட்டிப் பிரித்து, நூல் இழுப்பதைப் பார்த்து, "இதுதான் பதம்" என்றார். இரண்டும் ஒரே நேரத்தில் நிகழ்ந்ததை நான் குறித்துவைத்திருக்கிறேன்.

மெல்லிய தகட்டால் பசையைப் பிளவுக்குள் செலுத்தி, வழிந்ததை ஈரத் துணியால் துடைத்துவிட்டு, இறுக்கிப் பிடிக்க வேண்டும். அதற்கென உள்ள பிடிப்பான்களை வாங்கவில்லை. நீண்ட போல்ட்டுகளில் மர வட்டுகளைக் கோத்து, பலகையில் தழும்பு விழாமல் பழைய செருப்புத் தோலை உள்ளே ஒட்டி, ஆறு பிடிப்பான்களை அப்பா ஒரே மாலையில் செய்து முடித்தார். ஒரு முழு நாள் அசையாமல் விட்டோம். அதன் பிறகு தட்டிப் பார்த்தால் ஓரம் முழுவதும் கெட்டியான ஓசை.

பிரடைகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வழுக்கினால் கரும்பலகைச் சுண்ணாம்புக் குச்சியைத் தடவ வேண்டும். இறுகிப்போனால் உலர்ந்த சோப்பைத் தடவ வேண்டும். நம் கல்லூரியில் சுண்ணாம்புக் குச்சிக்குப் பஞ்சமில்லை.

உயிர்

இப்போது, உள்ளே உருண்டதே, அதற்கு வருவோம். அது உடைந்த பொருள் அன்று. ஸ்ப்ரூஸ் என்னும் ஊசியிலை மரத்தால் ஆன, 6 மில்லிமீட்டர் பருமனுள்ள ஓர் உருளைக் குச்சி. மேல்பலகைக்கும் அடிப்பலகைக்கும் இடையே ஒரு தூண்போல நிற்கவேண்டியது அது. பசை கிடையாது, ஆணி கிடையாது. இரண்டு பலகைகளின் அழுத்தத்தால் மட்டுமே நிற்கிறது. தந்திகளை எல்லாம் ஒரே நேரத்தில் தளர்த்திவிட்டால் அழுத்தம் போய்ச் சாய்ந்துவிடும். எங்கள் வயலினுக்கு நேர்ந்தது அதுதான். ஆங்கிலத்தில் இதற்குச் சவுண்ட் போஸ்ட் என்று பெயர்.

எங்கள் தெருக்கோடியில் ஒரு சொல்தா தாத்தா இருக்கிறார். பிரெஞ்சு இராணுவத்தில் பணிபுரிந்து ஓய்வு பெற்றவர். இளமையில் கோயில் பாடகர் குழுவில் இருந்தவர். குச்சியை அவரிடம் காட்டினேன். "இதுக்குப் பிரெஞ்சுல 'ஆம்'னு பேரு" என்றார். உயிர், ஆன்மா என்று பொருளாம். இத்தாலியரும் இதை ஆன்மா என்ற பொருளிலேயே அழைக்கிறார்கள். ஒரு குச்சிக்கா இவ்வளவு பெரிய பெயர் என்று எனக்கு வியப்பாக இருந்தது. அது இல்லாமல் ஒருமுறை தந்தியை மீட்டிப் பார்த்தேன். தகர டப்பாவுக்குள் ஈ பறப்பதைப்போல ஓர் ஓசை. குச்சி நின்றபின் அதே தந்தியை மீட்டியபோது, ஆம், அந்தப் பெயர் தகும் என்று தோன்றியது.

இதில் உள்ள இயற்பியல் என்ன? வில் தந்தியைப் பக்கவாட்டில் இழுக்கிறது. எனவே குதிரை இடமும் வலமுமாக ஆடுகிறது. ஆடும்போது அதன் ஒரு கால் பலகையை அழுத்த, மறு கால் தூக்குகிறது. இரண்டு கால்களும் ஒரே அளவில் எதிரெதிராக இயங்கினால், ஒரு பக்கம் பலகை வெளியே தள்ளும் காற்றை மறுபக்கம் உள்ளே இழுத்துக்கொள்ளும். வெளியே வரும் ஒலி அற்பமாகிவிடும். வலக்காலின் அருகே உயிர்க்குச்சியை நிறுத்தும்போது அந்தக் கால் ஏறத்தாழ அசையாத சுழல்மையம் ஆகிவிடுகிறது. அப்போது இடக்கால் மட்டும் வீச்சோடு ஏறி இறங்குகிறது. இடக்காலின் அடியில் பலகையின் உட்புறம் நீளவாக்கில் ஒரு சட்டம் ஒட்டப்பட்டிருக்கிறது. அது அந்த அசைவைப் பலகை முழுவதுக்கும் பரப்புகிறது. கனத்த தந்திகளின் குரல் இப்படித்தான் வெளியே வருகிறது. வலப்புற வெடிப்புள்ள வயலினை வாங்காதீர்கள் என்று சொன்னேன் அல்லவா? குச்சியின் அழுத்தம் முழுவதும் அந்த இடத்தில்தான் விழுகிறது.

நாம் மின்காந்தவியல் வகுப்பில் படிக்கும் பயோ–சவார் விதியில் வரும் பெலிக்ஸ் சவார் இருக்கிறாரே, அவர் இந்தக் குச்சியையும் வயலின் பலகைகளையும் ஆராய்ந்தவர்! 1819இல் வளைவுகளே இல்லாமல் சரிவகப் பெட்டி வடிவத்தில் ஒரு வயலினையும் செய்து காட்டினார். அந்த விதி வந்தது அடுத்த ஆண்டு, 1820இல். விதியைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்தபோது இதை யாராவது சொல்லியிருந்தால் இன்னும் விரைவாக மனத்தில் பதிந்திருக்கும்.

குச்சியை நிறுத்துவதற்கு எனக்கு மூன்று மாலைகள் பிடித்தன. எஃப் துளை வழியே அதைக் குத்திப் பிடித்துக் கொண்டுபோக எஸ் வடிவில் வளைந்த கருவி ஒன்று உண்டு. சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியை வளைத்து, முனையைக் கூராக்கி நானே செய்துகொண்டேன். வலப்புறத் துளை வழியே நுழைத்து, முதலில் அடியை அடிப்பலகையில் ஊன்றி, பிறகு தலையை மெல்ல நிமிர்த்த வேண்டும். நிற்கவேண்டிய இடம் குதிரையின் வலக்காலுக்கு 2 அல்லது 3 மில்லிமீட்டர் பின்னால், அதாவது தந்திகளின் அடிமுனைப் பக்கம். குச்சி நேராக நிற்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு: வயலினின் அடியில் இருக்கும் குமிழைக் கழற்றிவிட்டால் ஒரு துளை தெரியும். எஃப் துளையில் விளக்கைக் காட்டிக்கொண்டு அதன் வழியே பார்த்தால் உள்ளே ஒரு சிறு மண்டபம்போலத் தோன்றும். நடுவே ஒற்றைத் தூண். குச்சியின் இரு முனைகளும் பலகையின் உள்வளைவோடு இடைவெளி இன்றிப் பொருந்த வேண்டும். தள்ளி அடித்து இறுக்கக் கூடாது. விழாமல் நின்றால் போதும், தந்தியின் அழுத்தம் மீதியைப் பார்த்துக்கொள்ளும். குச்சி முப்பது முறையாவது விழுந்திருக்கும். ஒவ்வொரு முறையும் வயலினைக் கவிழ்த்துக் குலுக்கி அதை வெளியே எடுக்கவேண்டும். இரண்டாம் நாள் நான் அழுதுவிட்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

குதிரை

150 ரூபாய் தண்டம் இங்கேதான். கடையில் விற்கும் குதிரை மேப்பிள் மரத்தால் ஆனது. வேண்டுமென்றே உயரமாகவும் பருமனாகவும் விடப்பட்டிருக்கும். நம் வயலினுக்கு ஏற்றவாறு நாம்தான் செதுக்கிக்கொள்ள வேண்டும். அது நிற்கவேண்டிய இடத்தைக் கண்டுபிடிப்பது எளிது: எஃப் துளைகள் ஒவ்வொன்றின் நடுவிலும் உட்புறமாக ஒரு சிறு வெட்டு இருக்கும், இரண்டு வெட்டுகளையும் சேர்க்கும் கோட்டின்மேல் குதிரை நிற்க வேண்டும். முதலில் கால்கள். பலகையின்மேல் உப்புத்தாளைச் சொரசொரப்பு மேலே இருக்கும்படி வைத்து, அதன்மேல் குதிரையை நேராகப் பிடித்து முன்னும் பின்னும் தேய்த்தால், பலகையின் வளைவே கால்களில் பதிந்துவிடும். கால்களுக்கும் பலகைக்கும் நடுவே ஒரு தாள்கூட நுழையக் கூடாது.

அடுத்தது உயரம். விரல்பலகை முடியும் இடத்தில், மெல்லிய தந்தி பலகையிலிருந்து 3½ மில்லிமீட்டர் உயரத்திலும், கனத்த தந்தி 5 மில்லிமீட்டர் உயரத்திலும் இருக்க வேண்டும் என்பது பொது அளவு. நம் இசையில் விரலை இழுத்து வழுக்கிக் கமகம் பிடிக்க வேண்டியிருப்பதால் இன்னும் அரை மில்லிமீட்டர் குறைத்துக்கொள்ளலாம் என்று ஆசிரியை சொன்னார். நான் என்ன செய்தேன்? உற்சாகத்தில் அரத்தை எடுத்து ஒரே மூச்சில் ராவினேன். தந்தியை ஏற்றி வில்லைப் போட்டால், தந்தி விரல்பலகையில் பட்டுக் கரகரவென்று அதிர்ந்தது. குதிரை தாழ்ந்துபோயிற்று. "மரத்துல எடுக்கத்தான் முடியும்மா, சேர்க்க முடியாது" என்றார் அப்பா. திட்டவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

இரண்டாவது குதிரைக்கு, பத்துத் தேய்ப்புக்கு ஒருமுறை தந்தியை ஏற்றி அளந்தேன். மேல் விளிம்பின் வளைவு விரல்பலகையின் வளைவை ஒட்டியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு தந்தியை வாசிக்கும்போது வில் அடுத்த தந்தியையும் தொட்டுவிடும். தந்திகளுக்கு இடையே 11 மில்லிமீட்டர் விட்டு, பென்சில் நுனியால் வரையும் அளவுக்கு மட்டும் பள்ளம் எடுத்து, அந்தப் பள்ளத்தில் பென்சில் கரியையே தடவிவிட்டால் தந்தி அறாமல் வழுக்கிச் செல்லும். சுருதி கூட்டக் கூட்டத் தந்திகள் குதிரையின் தலையை முன்பக்கமாக இழுக்கும். கவனிக்காமல் விட்டால் ஒருநாள் படீரென்று விழுந்து பலகையையும் உடைத்துவிடும். அவ்வப்போது இரு கைகளாலும் அதை மெல்லப் பின்னுக்கு நிமிர்த்த வேண்டும். நான்கு தந்திகளின் இழுவிசையும் சேர்ந்து 20 கிலோவுக்கு மேல். அதில் 8 கிலோ அளவு குதிரையைக் கீழ்நோக்கி அழுத்துகிறது. 3 மில்லிமீட்டர்கூடக் கனமில்லாத பலகை இதைச் சுமக்கிறது!

சுரமானியும் சுருதியும்

நம் ஆய்வுக்கூடத்தில் சுரமானியில் எடைகளை ஏற்றி இறக்கிச் செய்த சோதனை நினைவிருக்கிறதா? வயலின் நான்கு கம்பிகள் கொண்ட சுரமானியே. அதிர்வெண், கம்பியின் நீளத்துக்கு எதிர்விகிதத்திலும் இழுவிசையின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்திலும் இருக்கும். மேலை நாட்டு முறையில் நான்கு தந்திகளும் 196, 294, 440, 659 ஹெர்ட்ஸ் என்று சேர்க்கப்படுகின்றன. நம் முறையில் சட்சம், பஞ்சமம், சட்சம், பஞ்சமம். பெண் குரலுக்கு ஏற்ற ஐந்து கட்டைச் சுருதி என்றால் 196, 294, 392, 588. முதலிரண்டும் அப்படியே இருக்க, மெல்லிய தந்திகள் இரண்டும் இறங்குகின்றன. சட்சத்துக்கும் பஞ்சமத்துக்கும் எங்கு எடுத்தாலும் 2:3 என்ற விகிதம் இருப்பதைக் கவனியுங்கள்.

மிக மெல்லிய எஃகுத் தந்தியின் விட்டத்தைத் திருகு அளவியால் அளந்தேன். 0.26 மில்லிமீட்டர். அதிரும் நீளம் 33 சென்டிமீட்டர். எஃகின் அடர்த்தியைக் கொண்டு கணக்கிட்டால், மேலை முறையில் அந்த ஒரு தந்தியின் இழுவிசை 8 கிலோ. நம் சுருதியில் 6.4 கிலோ. ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. தந்தி அந்த அளவுக்கு இளக்கமாக இருப்பதால் விரல் எளிதில் வழுக்கிக் கமகம் பேசுகிறது. ஏட்டில் படித்த சூத்திரம் விரல் நுனியில் வந்து நின்றது எனக்கு அன்றுதான்.

வில் வேறு ஒரு தனி உலகம். ரோசின் தடவிய மயிர் தந்தியைப் பற்றி இழுப்பதும், தாங்காமல் நழுவவிடுவதும், மறுபடி பற்றுவதுமாக ஒரு விநாடிக்கு நூற்றுக்கணக்கான முறை நடக்கிறது. இதைக் கணித வழியில் ஆராய்ந்து 1918இல் கல்கத்தாவிலிருந்து நூலாகவே வெளியிட்டவர் திருச்சியில் பிறந்த சர் சி. வி. இராமன். அவருடைய தந்தையார் வயலின் வாசிப்பவர். ஒளிச்சிதறலுக்காக 1930இல் நோபல் பரிசு பெற்றவரை நாம் அறிவோம். வயலின் ஆராய்ந்தவரையும் அறிந்துகொள்ளலாம்.

இதையெல்லாம் கேட்ட வகுப்புத் தோழர் ஒருவர், கிதார் வாசிப்பவர், டபுள் பேஸ் வாங்க ஆசைப்படுகிறார். ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் அந்தப் பெரிய கருவியிலும் இதே குதிரை, இதே உயிர்தான். குச்சி மட்டும் கட்டைவிரல் பருமன் இருக்கும். அதன் மிகக் கனத்த தந்தி 41 ஹெர்ட்ஸ். நம் கனத்த தந்தியைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு தாழ்ந்த சுருதி. ஆனால் நீளமோ 105 சென்டிமீட்டர், மூன்று மடங்குதான். மீதிக் குறைவைத் தந்தியின் எடையால் ஈடு செய்கிறார்கள். இழுவிசை மொத்தம் நூறு கிலோவைத் தாண்டும் என்பதால், அதைத் தனியாளாகச் சீர்செய்யப் புகுந்து கையை நசுக்கிக்கொள்ள வேண்டாம் என்று அவரிடம் சொன்னேன். விலை குறைந்தவை பிளைவுட்டால் ஆனவை. முழு மரத்தின் நாதம் அதற்கு வராது. ஆனால் கடற்காற்றில் வெடிக்காது. பிளைவுட்டைப் பற்றி அப்பா சொன்ன ஒரே நல்ல வார்த்தை அதுதான்!

செலவுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். வயலின் 2,800, தந்திகள் 650, குதிரைகள் இரண்டு 300, சாதாரண வில் ஒன்று 900, ரோசின் 120, வஜ்ஜிரம் 80. ஆக மொத்தம் 4,850 ரூபாய். இதே பணத்துக்கு இன்னும் ஆயிரம் சேர்த்தால் பெட்டியோடு புதியதே கிடைக்கும். எனவே சேமித்தேன் என்று பெருமை பேச இடமில்லை. பொறுமை இல்லாதவர்கள் புதியதையே வாங்குங்கள். ஆனால் அதிலும் பிரடையையும் குச்சியையும் குதிரையையும் நீங்கள் பார்த்தே ஆகவேண்டும்.

ஆசிரியை வில்லை எடுத்து முதன்முதலாக அதை வாசித்துப் பார்த்த அன்று அப்பா வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. காலில் மரத்தூள் இருக்கிறது என்றார். ஆசிரியை மேல் சட்சத்தை நீளமாக இழுத்தபோது, அவர் பார்வை குதிரையிலும் விரல்களிலும் இல்லை. தாம் ஒட்டிய இடப்புற ஓரத்திலேயே இருந்தது.

நான் இப்போது சரளி வரிசையை முடித்து, சண்ட வரிசையில் இருக்கிறேன். ஐப்பசி மழையில் பிரடைகள் இறுகிக்கொண்டன, சோப்புத் தடவினேன். வலப்புற ஓரத்தில் ஒரு விரற்கடை அளவு ஒட்டு விட்டிருப்பதுபோல் தட்டினால் கேட்கிறது. வீட்டைச் சுத்தம் செய்தபோது அம்மா வஜ்ஜிரச் சட்டியைத் தூக்கி எறியப் போனார். அப்பா அதை வாங்கி, மூடி போட்டு, தம் உளிகளுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.